சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

அன்றைக்கு வரிசையை ஒழுங்குபடுத்தியதே நான்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லோருக்கும் பிரியாணி போட்டு முடித்திருந்தார்கள். புதுப்பட்டினத்தில் எங்கள் சபைக் கூடத்தின் ஒரு மூலையில் இரண்டு செவிலியர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, விரலில் குத்தி சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் முண்டியடித்தார்கள். போதகர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை செய்தவளிடம் ஒரு கூட்டத்தைக் காட்டினால் போதும், குரல் தானாக எழும்பிவிடும். ஐந்து நிமிடத்தில் வரிசை நேராகிவிட்டது.

கடைசி ஆளும் போன பிறகு, "டீச்சர், நீங்களும் விரலை நீட்டுங்க, ஸ்டிரிப் மீதி இருக்கு" என்றார் ஒரு செவிலியர். மீதி இருக்கிறதே என்றுதான் நீட்டினேன். கருவி 286 என்று காட்டியது. அவர் துடைத்துவிட்டு வேறு விரலில் குத்தினார். 281.

"இப்பதானே பிரியாணி சாப்பிட்டீங்க" என்றார் ஆறுதலாக. பிரியாணி அவரும்தான் சாப்பிட்டிருந்தார்.

திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான். வருடா வருடம் கரும்பலகையில் வயிற்றை வரைந்து, அதன் பின்னால் இலை மாதிரி கணையத்தை வரைந்து, இன்சுலின் என்ன வேலை செய்கிறது என்று பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லுவேன். அந்த வருடம் முழுக்க வகுப்புக்கு இரண்டு தண்ணீர்ப் பாட்டில் எடுத்துப் போனேன். ராத்திரியில் நாலு தடவை எழுந்து பாத்ரூம் போனேன். வருகைப் பதிவேட்டில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. வெயில், வயது, பழைய கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். பாடத்தை நடத்தியவளுக்குப் பாடம் தன் மேல் நடப்பது தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

அந்த வாரமே செங்கல்பட்டில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனோம். என் மகளும் கூட வந்தாள். அவள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் பேருந்து ஓட்டும் வேலை, அன்று அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. டாக்டர் சின்னப் பெண், என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். வெறும் வயிற்றில் 149. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனையில் 7.8. ஏழுக்குக் கீழே இருந்தால் நல்லது என்றார். சர்க்கரை வந்துவிட்டது, சந்தேகமில்லை.

"என்ன சாப்பிடுறீங்க? காலையிலிருந்து சொல்லுங்க."

காலையில் இட்லி, மத்தியானம் சோறு, நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், ராத்திரி திரும்பச் சோறு இல்லாவிட்டால் தோசை என்று சொன்னேன்.

"எவ்வளவு சோறு?"

"கொஞ்சம்தான்."

"அம்மா" என்றாள் மகள். "பொய் சொல்லாத. தட்டுல ரசம் ஊத்தறதுக்கு நடுவுல குழி தோண்டற அளவுக்கு மேடம்."

டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அவளுடைய பின்னலை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். கழுத்தின் பின்புறம் பட்டையாகக் கருத்து, வெல்வெட்டு மாதிரி தடித்திருக்கும்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

நான்தான் பதில் சொன்னேன். ஒன்பதாவது படிக்கும்போதிருந்து. அழுக்கு சேர்ந்துவிடுகிறது, சரியாகத் தேய்த்துக் குளிக்க மாட்டாள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும் முன் நானே உட்காரவைத்துத் தேய்ப்பேன். பயத்தம்மாவு, எலுமிச்சைத் தோல், பீர்க்கம் நார். அவள் கத்தும் வரை தேய்ப்பேன். ஒரு தடவை தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. ஜடையைத் தூக்கிக் கட்டாதே, பார்க்கிறவர்கள் என்னைத்தான் சொல்வார்கள் என்று திட்டியிருக்கிறேன்.

"இது அழுக்கில்லை மேடம்" என்றார் டாக்டர். "தேய்ச்சா போகாது. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாம, அதனால அதிகமா சுரந்துகிட்டே இருந்தா தோல் இப்படி ஆகலாம்."

மகள் என்னைப் பார்த்தாள். பின்னலை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் தேவலை.

அவளுக்கும் இரத்தம் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். "இப்ப வேணாம்" என்று மகள் அழ ஆரம்பித்தாள். இன்றைக்கே எடுக்கவேண்டும் என்றில்லை, ஆனால் எடுக்காமல் விடக்கூடாது என்று டாக்டர் அமைதியாகச் சொன்னார். எனக்கு மூன்று மாதம் தந்தார். சாப்பாட்டை மாற்றுங்கள், தினமும் நடங்கள், அதற்குப் பிறகும் ஏழுக்குக் கீழே வராவிட்டால் மாத்திரை. "மாத்திரை ஒண்ணும் தண்டனை இல்லை, தேவைன்னா போட்டுத்தான் ஆகணும்" என்றார். விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கச் சொன்னார். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், எது ஏற்றுகிறது எது ஏற்றவில்லை என்று உங்கள் உடம்பே சொல்லும் என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றத்தில் மலை தெரிந்ததும் கேட்டாள்.

"சாப்பாட்டாலயே இறங்கும்னு சொன்னாங்களே. நெஜமாவா?"

"இறங்கும்."

"உனக்கு இறங்கட்டும். நான் டெஸ்ட் எடுத்துக்கறேன். இறங்கலைன்னா எனக்கு இருக்கா இல்லையான்னு தெரியவே வேணாம்."

அதற்கு மேல் அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது, எனக்குத் தெரியும். என் சர்க்கரை எனக்கு அந்த நிமிடமே இரண்டாம் பட்சமாகிவிட்டது. மூன்று மாதத்தில் என் எண் ஏழுக்குக் கீழே வரவேண்டும். வந்தால்தான் அவள் கையை நீட்டுவாள்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சோற்றில் கை வைத்தேன். அங்கேதான் சண்டை.

எங்கள் வீட்டில் சோறு என்றால் வெறும் சோறு இல்லை. என் வீட்டுக்காரருடைய அப்பாவும் அம்மாவும் மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்து வாழ்ந்தவர்கள். நெல்லை விளைவித்துக் கொடுத்துவிட்டுக் கேழ்வரகுக் கூழைக் குடித்தவர்கள். நெல்லுச்சோறு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். இவருக்கு வேலை கிடைத்த அன்று செய்த முதல் காரியம், ஒரு மூட்டை பொன்னி அரிசி வாங்கி வந்து கூடத்தில் நடுவாக நிறுத்தியது. எங்கள் கல்யாணம் ஆகி இருபது வருடத்தில் கூழ் இந்த வாசலைத் தாண்டவில்லை. விருந்தாளி வந்தால் தட்டில் குவித்துத்தான் போடுவோம், கூட உட்கார்ந்து நாமும் அதே அளவு குவித்துக்கொண்டு சாப்பிடவேண்டும். குறைவாகப் போட்டுக்கொண்டால், வந்தவர் அதிகமாகத் தின்கிறார் என்று சொல்லிக்காட்டுவது போல.

நான் கேழ்வரகு மாவு வாங்கி வந்து வைத்ததும் அவர் பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தார்.

"இன்னா இது?"

"கேழ்வரகு. சுகருக்கு நல்லதாம். எல்லாரும் சொல்றாங்க."

"என் வூட்ல கூழா?"

"எனக்கு மட்டுந்தாங்க."

"எங்கப்பன் குடிச்சது பத்தாதா? சோறு துன்றதுக்காக ஒரு தலைமொற பாடுபட்டுது. டீச்சருக்கு ஒரு மிஷின் வந்ததும் திரும்ப கூழு."

மூன்று நாள் பேசவில்லை. நான் விடவில்லை. மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, மோர் ஊற்றிக் கரைத்தேன். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு குடித்தேன். அன்று சனிக்கிழமை. குடித்துவிட்டு உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினேன். எனக்குள் ஒரு பெருமிதம், நோயைப் பாதி ஜெயித்துவிட்ட மாதிரி.

இரண்டு மணி நேரம் கழித்து மகள்தான் குத்தினாள். 263.

கை சரியாகக் கழுவவில்லை என்றாள். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். 258. மறுநாளும் அதே கூழ். 260. வீட்டில் சண்டை போட்டு நான் குடித்த மருந்து, பிரியாணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்காரர் சிரித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. எங்கப்பா ஒரு குண்டான் குடிப்பாரு. குடிச்சிட்டு எங்க போவாரு? சேத்துல எறங்கி பொழுதுக்கும் குனிஞ்சிகினு கெடப்பாரு. நீ ரெண்டு சொம்பு குடிச்சிட்டு பேனாவ புடிச்சிகினு உக்காந்துகினு கீற. ஒடம்பு அத எங்க கொண்டு போயி வெக்கும்?"

நான் அவரையே பார்த்தேன். பத்தாவது வரை படித்த மனிதர். நான் இருபத்திரண்டு வருடமாக நடத்தும் பாடத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். ஆமாம், கேழ்வரகும் மாவுச்சத்துதான், மாவாக அரைத்துக் குழையக் காய்ச்சி வயிறு முட்டக் குடித்தால் விறுவிறுவென்று இரத்தத்தில் ஏறத்தான் செய்யும், அளவுதான் முக்கியம் என்றார்.

நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு நான் ஒடிந்து போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. அன்று சாயங்காலத்திலிருந்து எனக்கு ஒரு பரபரப்பு பற்றிக்கொண்டது. எல்லோரும் சொல்வது பொய்யாகலாம், ஒரு சொட்டு இரத்தம் பொய் சொல்லாது. பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறேன்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, எழுதிக்கொள். அதை என் தட்டில் செய்யவேண்டியதுதானே. மகளிடம் சொன்னேன். அவள் முகத்தில் அந்த வாரத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம். கிராஃப் தாள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஸ்டிரிப் சும்மா கிடைப்பதில்லை, அதனால் ஒரு நாளைக்கு ஒரு சோதனை என்று வைத்துக்கொண்டோம். முதலில் ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி. 241. மறுநாள் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் நிறைய காய் போட்ட சாம்பார், அவித்த முட்டை இரண்டு. 168. நான் சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஓடினேன், தாளில் புள்ளி வைப்பதைப் பார்க்க. நாற்பத்தேழு வயதுக்காரி ஓடியதைப் பார்த்து மகள் "மெதுவா, மெதுவா" என்றாள்.

பெரிய கண்டுபிடிப்பு மூன்றாவது வாரத்தில். சோற்றை நிறுத்தவே வேண்டாம் என்று தெரிந்த நாள் அது. ஒரு சின்னக் கிண்ணம் சோறு அளந்துகொண்டேன். ஒரு நாள் எப்போதும் போலக் குழம்பு ஊற்றிச் சோற்றில் ஆரம்பித்து, அப்புறம் மீன், கடைசியில் கீரை. 189. இன்னொரு நாள் அதே சோறு, அதே மீன், அதே கீரை, வரிசை மட்டும் மாற்றம். முதலில் கீரை முழுவதும், பிறகு மீன், சோறு கடைசியில். 157. தட்டில் ஒரு பருக்கை கூடவில்லை, குறையவில்லை. நம்பாமல் அடுத்த வாரம் திரும்பச் செய்தோம். 160. சபைக் கூடத்தில் ஆட்களை ஐந்து நிமிடத்தில் வரிசையில் நிறுத்தியவளுக்கு, வயிற்றுக்குள் போவதை வரிசையில் நிறுத்த இத்தனை வருடம் ஆயிற்று.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆசிரியர் அறையில் சொன்னேன். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். புதுப்பட்டினம் சந்தையில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவிடமும் சொன்னேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவேன், குழம்புக்கு நாலு துண்டு. இப்போது ஒன்று விட்டு ஒரு நாள்.

"இன்னா டீச்சர், வூட்ல விசேஷமா? தெனம் வந்துகினு கீற."

"சுகர் வந்துடுச்சும்மா. மீனு நல்லதாம்."

"அத நான் சொன்னா கேக்க மாட்டே. டாக்டரு ஊசி போட்டு சொல்லணும் ஒனக்கு." நெத்திலியைக் குவித்து அள்ளினார். "வறுக்காத. கொழம்பு வெய்யி. எண்ணெயில போட்டு பொரிச்சி துன்னுட்டு மீனு மேல பழி போடாத."

நடையும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் ஆறரைக்கே சாப்பிட்டுவிட்டு, உட்காராமல் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடப்பேன். இருபது நிமிடம். வீட்டுக்காரர் கூட வந்தார். பேருந்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர், முதல் வாரம் முக்கி முனகினார். "நடக்கற வேலைய விட்டுட்டுதான் ஓட்டற வேலைக்கி வந்தேன், இப்ப டூட்டி முடிஞ்சி நடக்க வுட்டுட்டே" என்பார். நடந்த நாளும் நடக்காத நாளும் ஒரே சாப்பாட்டுக்கு முப்பது புள்ளி வித்தியாசம். தாளில் அதைப் பார்த்த பிறகு நான் கூப்பிடும் முன்னால் அவர் வாசலில் நின்றார்.

மகள் சாப்பிடுவதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேயிருந்தேன். நான் எதுவும் சொல்வதில்லை. சொல்லும் உரிமையைப் பீர்க்கம் நாரோடு சேர்த்துத் தேய்த்துவிட்டேன் என்று தோன்றும். அவளே கீரைக் கிண்ணத்தை முதலில் இழுத்துக்கொள்வாள். சில நாள் கடையில் சிப்ஸ் வாங்கித் தின்றுவிட்டு வருவாள். அந்த உப்பு வாசனை எனக்குத் தெரியும். அன்றைக்குக் கீரையைக் கொஞ்சம் அதிகமாக வதக்கிவைப்பேன்.

இரண்டாவது மாதக் கடைசியில் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, மதுராந்தகத்தில் இருக்கிறார், இவரைத் தூக்கி வளர்த்தவர். மத்தியானம் எல்லோருக்கும் தட்டு வைத்து உட்கார்ந்தோம். என் தட்டில் கீரை, மீன், ஓரத்தில் சின்னதாகச் சோறு. அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, கோழிக்கி எறச்ச மாதிரி?"

"சுகர் அண்ணி. அளவா சாப்பிடச் சொல்லியிருக்காங்க."

"நான் வந்த அன்னிக்கா அளவு? அப்ப என் தட்டுல மலையாட்டம் போட்டியே, அது எதுக்கு? இவ துன்றத பாருன்னு எண்ணிகினு கீறியா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அண்ணி."

"அப்ப போட்டுக்க."

அவரே கரண்டியை எடுத்து இரண்டு தடவை வைத்தார். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன். அந்த ருசியை மறைத்து என்ன பயன், சொர்க்கமாக இருந்தது. குழம்பு ஊற்றிப் பிசைந்து, அப்பளம் நொறுக்கி, மோரும் ஊற்றி. நாத்தனார் மனம் குளிர்ந்து, "இப்பதான் முகத்துல களை வந்துது" என்றார்.

இரண்டு மணி நேரம் கழித்து அவர் உள்ளே கண்ணயர்ந்திருந்தார். மகள் கருவியோடு வந்தாள். வேண்டாம், இன்று எழுதவேண்டாம் என்றேன். அவள் என் விரலைப் பிடித்துக் குத்தினாள். 247. தாளில் புள்ளியை வைத்தாள். ஐந்து இட்லிக்கு வைத்த புள்ளிக்கும் மேலே போய் நின்றது.

"அத்தைக்கு வருத்தமாயிடும்னு நீ சாப்பிட்ட" என்றாள் அடங்கின குரலில். "காலேஜுக்குப் போனா எனக்கும் யாராவது வருத்தப்படுவாங்க. நான் இன்னா பண்ணணும்? சொல்லு."

அதைக் கேட்ட வீட்டுக்காரர் வாசற்படியிலிருந்து எழுந்து உள்ளே போனார். அக்காவை எழுப்பினார். அவர் தன் அக்காவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"யக்கா, எழுந்துரு. ஒண்ணு காட்டணும்." அந்தக் கிராஃப் தாளைக் கையில் கொடுத்தார். "பொண்ணு பொறந்த நாளுக்கு இவ கேக்கு துன்ன அன்னிக்கி கூட இவ்ளோ ஏறல. நீ வெச்ச ரெண்டு கரண்டியில ஏறிச்சி."

"நான் இன்னா வெசமா வெச்சேன்?"

"சோறுதான் வெச்சே. அது எனக்கு தெரியாதா? நீ பட்டினி கெடந்து எனக்கு வெச்சது. ஆனா இவளுக்கு வேணாக்கா. என் பொண்ணு பாத்துகினு கீது."

நாத்தனார் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அப்படியே மடித்து ஓரமாக வைத்தார். பிறகு எழுந்து முகம் கழுவி, மூட்டை முடிச்சைக் கட்டினார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, மகளின் கன்னத்தை மட்டும் கிள்ளிவிட்டுப் போனார். நான் மூன்று நாள் தவித்தேன். நாலாவது நாள் போன் வந்தது. எடுத்ததும், "டீச்சரம்மா, கீரைய மொதல்ல துன்னணுமா, மீன மொதல்ல துன்னணுமா? இங்க ஒருத்தி தலைய சுத்துதுன்னு பேஜாரு பண்றா, நான் சொல்லணும்" என்றார். அந்த ஒருத்தி யாரென்று நான் கேட்கவில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று மூவரும் செங்கல்பட்டு போனோம். காலையில் இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பரீட்சை முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் நாளில் பிள்ளைகள் ஏன் நகம் கடிக்கிறார்கள் என்று அன்றுதான் புரிந்தது. கடைசி பத்து நாள் நன்றாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த 247? ஓணத்துக்கு ஒரு சக ஆசிரியை கொண்டுவந்த பாயசம்? முதல் வாரம் குடித்த கூழ்? மூன்று மாதமும் இரத்தத்தில் எழுதியிருக்குமே, கடைசி இரண்டு நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாதே. அதுதான் அந்தப் பரிசோதனையின் நியாயம், அதுதான் என் பயமும்.

ஆய்வகத்துச் சின்ன ஜன்னலில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழும் முன்னே மகள் போய்விட்டாள். தாளை வாங்கி அங்கேயே நின்று படித்தாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வலித்தது.

திரும்பி வந்தாள். தாளை என்னிடம் தரவில்லை. தோளில் இருந்த பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"இத புடி. நான் ரத்தம் குடுத்துட்டு வரேன்."

அவள் உள்ளே போன பிறகுதான் பையின் மேல் இருந்த தாளைப் பார்த்தேன். 6.5. நான் அதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. "எவ்ளோ? எவ்ளோ?" என்றார். ஆறு புள்ளி ஐந்து என்றேன். அவர் அந்த வராந்தாவில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் திரும்பி, "மாத்திர இல்லாம" என்றார். பெரியவர் என்னவென்று புரியாமலே தலையாட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இறங்கிவிட்டது என்ற சந்தோஷத்தில் உடம்பு லேசாகி, அடுத்த நொடியே அந்தக் கதவுக்குப் பின்னால் ஊசி முன் உட்கார்ந்திருப்பவளை நினைத்துக் கனத்தது. இரண்டும் மாறி மாறி. அவள் கேட்டபடி நான் செய்துவிட்டேன். அவளும் சொன்னபடி செய்துவிட்டாள். இனி வரப்போகிற எண்ணுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

சாயங்காலம் வரை காத்திருந்தோம். டாக்டர் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னைப் பாராட்டினார், ஆனால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், விட்டால் திரும்பி வரும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாருங்கள் என்றார். பிறகு மகளின் தாள். 5.9. சர்க்கரை இல்லை. ஆனால் அதற்கு முந்தின படியில் நிற்கிறாள், 5.7க்குக் கீழே வந்தால்தான் கவலை இல்லை என்றார்.

நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மகள் பிடித்துக்கொள்ளவில்லை. முன்னால் சாய்ந்தாள்.

"மேடம், இது இறங்குமா?"

"உங்க வயசுக்கு நல்லாவே இறங்கும்."

"அம்மாவுக்கு ஒண்ணு புள்ளி மூணு இறங்கியிருக்கு. எனக்கு புள்ளி மூணு இறங்கினா போதுமில்ல?"

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். "போதும்."

வெளியே வந்தோம். அந்த 5.9 இருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன், இதை எழுதும்போதும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கத்தான் செய்கிறேன். அவளோ பேருந்து நிலையத்தை நோக்கி எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

"நைனா, நாளைலேர்ந்து நானும் வாக்கிங் வரேன். ஆனா ஒன்கூட வர மாட்டேன். நீ ஆமையாட்டம் நடக்கற."

"ஆமையா? ஒங்கம்மாவ கேளு, என் பின்னால அவ ஓடியாறா."

கல்பாக்கம் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. மகள் ஓடிப்போய் ஏறி, மூன்று பேர் சீட்டில் கையை விரித்து இடம் பிடித்தாள். நான் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்காரும்போது, சந்தையில் இந்த நேரத்துக்குக் கீரை மிச்சம் இருக்குமா என்று அவள்தான் கேட்டாள்.